பொருள்: விளையாட்டு நிரல் கையேடு: சேயா, பிள்ளையா, கன்றா? (அவசரம்)

வணக்கம். மன்னவனூர்ப் பக்கம் எட்டாம் வகுப்புக்கு ரோப்லாக்ஸில் விளையாட்டு எழுதக் கற்றுத்தருகிறோம். கையேடு வெள்ளிக்கிழமை வத்தலக்குண்டில் அச்சுக்குப் போயாக வேண்டும், ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. 'நாணயங்கள்' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் பத்து நாணயம். கெட்சில்ட்ரன் (GetChildren) என்ற கட்டளையால் கேட்டால் உள்ளே இருப்பவற்றின் பட்டியல் வரும், அதன் முன்னால் # போட்டால் எத்தனை என்று தெரியும். ஒன்றுக்குள் இருப்பது அதன் 'சைல்ட்', வைத்திருப்பது 'பேரன்ட்'. இந்த 'சைல்ட் கவுண்ட்' தமிழில் என்ன? 'பிள்ளைகள் எண்ணிக்கை' என்று பலகையில் எழுதினேன், வருகைப்பதிவு என்று நினைத்து எல்லோரும் 'உள்ளேன் டீச்சர்' என்கிறார்கள்.
– மேல்மலை

அம்மா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சேய். பேரன்ட் தாய்க்கணு, சைல்ட் சேய்க்கணு. எண்ணிக்கையைச் சேர்த்தால் சேயெண்ணிக்கை. நெடிலை அடுத்த ஒற்று இரட்டாது, எனவே யாரும் 'சேய்யெண்ணிக்கை' என்று எழுதிவிடக் கூடாது. 'பெற்றோர்' என்று பல கையேடுகளில் பார்க்கிறேன், அது பலர்பால். இங்கே ஒரு பொருளுக்கு ஒரே ஒரு பேரன்ட்தான், அப்புறம் எதற்கு 'ஓர்'? தவிர, எங்கள் ஊர் மலைமேல் நிற்பவனுக்கே சேய் என்றொரு பெயர் உண்டு. சிவப்பு என்னும் பொருளுள்ள 'செம்' என்பதிலிருந்து சேய், சேயோன், செவ்வேள் என்று தனி மடலே எழுதலாம்.
– பழனி

> தனி மடலே எழுதலாம்

ஐயா, வேண்டாம் ஐயா. சேய் என்றால் தூரம் என்றும் பொருள் இருக்கிறதே, 'அண்மை, சேய்மை' என்று நீங்கள்தானே எங்களுக்கு நடத்தினீர்கள்? என் ஓட்டு கன்றுக்கு. எங்கள் தோட்டத்தில் மலைவாழை. தாய்மரத்தைச் சுற்றிப் பக்கக்கன்று வரும், இரண்டை விட்டு மற்றதை வெட்டிவிடுவோம். 'இந்த மரத்தில் எத்தனை கன்று?' என்று கேட்டால் அந்தக் கிழங்கிலிருந்து வந்ததைத்தான் எண்ணுவார்கள், கன்று வளர்ந்து அது விட்ட கன்றைச் சேர்க்கமாட்டார்கள். கெட்சில்ட்ரனும் அதைத்தானே செய்கிறது?
– தாண்டிக்குடி

'கன்றெண்ணிக்கை' என்றால் கால்நடைத் துறைக் கணக்கெடுப்பு மாதிரி இருக்கிறது, தம்பி. ஆனால் கன்றுக்கு ஆதாரம் வலுவாக இருப்பதை மறுக்க மாட்டேன். தொல்காப்பிய மரபியலில் இளமைப்பெயர் ஒன்பது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. இதில் ஓரறிவுயிருக்கு, அதாவது மரம் செடிக்கு, பிள்ளை, குழவி, கன்று, போத்து என்று சொல்லலாம், நெல்லுக்கும் புல்லுக்கும் மட்டும் ஆகாது. சரி, வெளியில் வயிரம் (கெட்டியான பகுதி) உள்ளது புல், உள்ளே வயிரம் உள்ளது மரம் என்றும் அதே இயல் சொல்கிறது. அப்படியானால் தென்னை புல். புல்லுக்குப் பிள்ளை ஆகாது என்றால் 'தென்னம்பிள்ளை' எங்கிருந்து வந்தது? வாழைக்கோ உள்ளேயும் வயிரமில்லை வெளியேயும் இல்லை. இதை விட்டுவிட்டு மேலே போக எனக்கு மனம் வரவில்லை.
– பழனி

மேலே போகலாம் ஐயா, வெள்ளிக்கிழமை வருகிறது.

இங்கே அழகான சொல் எது என்பதைவிட, எதை எண்ணுகிறோம் என்று சொல் காட்ட வேண்டும் என்பதே முக்கியம். அந்தப் பத்து நாணயமும் ஒவ்வொன்றும் ஒரு மாடல், அதற்குள் ஒரு பார்ட், ஒரு ஸ்கிரிப்ட் என்று வையுங்கள். கெட்சில்ட்ரன் 10 தரும், எல்லா மட்டத்தையும் சேர்க்கும் கெட்டிசென்டன்ட்ஸ் (GetDescendants) 30 தரும். பிள்ளைகள் குழம்புவது இங்கேதான், '10 நாணயம் வைத்தேன், 30 காட்டுகிறதே' என்பார்கள். வெறும் 'சேய்' என்றால் பேரனும் சேயா என்று கேட்பார்கள். ஆகவே 'நேர்சேய்', மற்றதற்கு 'வழித்தோன்றல்'. இந்தப் பிரிவு ரோப்லாக்ஸுக்கு மட்டுமல்ல, யூனிட்டி என்ற இன்னொரு விளையாட்டு மென்பொருளின் சைல்ட்கவுண்ட்டும் நேர்சேய்களைத்தான் எண்ணும். அங்கே இன்னொரு வம்பு, டெஸ்ட்ராய் (அழி) சொன்ன பொருள் உடனே போகாது, அடுத்த வரியிலேயே எண்ணினால் அதுவும் கணக்கில் வரும். ரோப்லாக்ஸில் சொன்ன கையோடு பேரன்ட் 'நில்' (nil, எதுவுமில்லை) ஆகிவிடுவதால் எண்ணிக்கை குறைந்துவிடும்.
– கொடைக்கானல்

அந்தச் செத்தும் சாகாததற்கு 'குற்றுயிர்' என்று போடலாம் :-)
– தாண்டிக்குடி

எனக்கு ஒரு சந்தேகம். நிரலில் எப்படியும் ஆங்கிலத்தில்தான் தட்டப்போகிறார்கள். 'சைல்ட்' என்றே விட்டால் என்ன? பஸ்ஸை யாரும் பேருந்து என்று கூப்பிட்டு நிறுத்துவதில்லை.
– பண்ணைக்காடு

தட்டுவது ஆங்கிலத்தில்தான், ஆனால் விளக்குவது தமிழில். 'சைல்ட்' என்று சொல்லும்போது தலையாட்டுகிறார்கள், அவ்வளவுதான். வாழைக்கன்றை வைத்துச் சொன்னதும் பின்பெஞ்சிலிருந்து கேள்வி வந்தது. அதனால் இப்படி முடித்துவிட்டேன்: கலைச்சொல் 'நேர்சேய் எண்ணிக்கை', எல்லா மட்டத்தையும் சேர்த்தால் 'வழித்தோன்றல் எண்ணிக்கை', விளக்கப் படத்தில் வாழை. நால்வரில் மூவருக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன். படி இன்று மாலைப் பேருந்தில் போகிறது.
– மேல்மலை

'நேர்' என்ற ஒட்டு தேவையற்றது, சேய் என்றாலே நேர்தான், பேரனைச் சேய் என்று எந்தத் தாத்தா சொன்னார்? என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். தென்னம்பிள்ளை பற்றி யாரும் பதில் சொல்லவில்லை.
– பழனி

அடுத்த பாடத்தில் 'சிப்ளிங்' வருகிறது. 'உடன்பிறப்பு' என்று போட்டால் கட்சிக் கூட்டம் ஆகிவிடாதா?
– தாண்டிக்குடி