மழை வரப்போகுது, ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது

டெல்டாக்காரன்:
வணக்கம் நண்பர்களே. வேதாரண்யம் பக்கம் வீடு. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப எங்க பக்கம் கரண்ட் வர வாரக்கணக்கா ஆச்சு, போர் ஓடாம குடிதண்ணிக்கே அலைஞ்சோம், அதுக்கப்புறம்தான் 3 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்குனது. கயிறு இழுக்குற டைப். போன மழைக்கு நல்லா ஓடுச்சு, அப்புறம் கொட்டகையில தார்ப்பாய் போட்டு மூடியாச்சு, பெட்ரோல் பாதி டேங்க் அப்படியே இருக்கு. ஐப்பசி பொறக்கப் போகுதேன்னு நேத்து எடுத்து இழுத்தா, சோக் (காத்தைக் குறைக்கிற மூடி) போட்டா கொஞ்சம் உறுமுது, சோக்கைத் திறந்த உடனே நின்னுடுது. பிளக்ல ஸ்பார்க் நல்லா வருது. அம்மாவுக்கு நெபுலைசர் வைக்கணும், கரண்ட் போனா இது ஓடியே ஆகணும். இப்ப என்ன பண்றது, இனிமே எப்படி வச்சிருக்கணும்?

ரிவைண்டிங் கடை:
தம்பி, சோக்ல உறுமி சோக்கைத் திறந்தா நிக்குதுன்னா பெரும்பாலும் கார்ப்பரேட்டர் ஜெட்டு, அதான் பெட்ரோல் போற சின்ன ஓட்டை, அடைப்புதான். எங்க கடைக்கு புரட்டாசி ஐப்பசியில வர்ற மிஷின்ல பாதிக்கு மேல இந்த கேஸ்தான். பெட்ரோல் ரெண்டு மூணு மாசம் நின்னா கார்ப்பரேட்டர் அடியில இருக்குற கிண்ணம், அந்த பவுலுக்குள்ள வத்தி பிசினாட்டம் ஒட்டிக்கும். இப்ப பங்குல வர்றது இ20, 20 சதவீதம் எத்தனால், அது காத்துல இருக்குற ஈரத்தை இழுக்கும், உங்க கடலோரத்துல கேக்கவே வேணாம், ரொம்ப நாள் நின்னா தண்ணியும் எத்தனாலும் பிரிஞ்சு அடியில தங்கி பவுல்ல பச்சையா வெள்ளையா பூத்துடும்.

முதல்ல பெட்ரோல் டேப்பை மூடிட்டு, ட்யூபைக் கார்ப்பரேட்டர் பக்கம் கழட்டி கேன்ல விட்டு, டேப்பைத் திறந்து டேங்க்ல இருக்குறதை எறக்குங்க, அதைத் திரும்ப ஊத்தாதீங்க. பவுல் போல்ட்டைக் கழட்டுனா நடுவுல நிக்கிற பித்தளைத் தூண்ல மெயின் ஜெட்டு இருக்கும், வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க, ஓட்டை வட்டமா தெளிவாத் தெரியணும். கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடிங்க. போகலைன்னா ஒயர்ல இருந்து ஒரே ஒரு செப்பு இழையை உருவி விட்டு எடுங்க, ஊசி குண்டூசி விடாதீங்க, ஓட்டை பெருசாயிட்டா அப்புறம் கரும்புகைதான். பக்கத்துல இருக்குற ஸ்லோ ஜெட்டையும் விடாம பாருங்க.

கடலோரம்:
அண்ணன் சொன்னது சரி. வைக்கிற முறைக்கு நான் சொல்றேன், நாங்க நாகப்பட்டினம், உப்புக்காத்து பிரச்சனை எங்களுக்கும் உண்டு. மழைக்காலம் முடிஞ்சு எடுத்து வைக்கிறப்ப டேங்கைக் காலி பண்ணிட்டு, டேப்பை மூடி இன்ஜின் தானா நிக்கிற வரைக்கும் ஓட விடுங்க, அதுக்கப்புறமும் பவுல் அடியில இருக்குற சின்ன ஸ்க்ரூவைத் திறந்தா கொஞ்சம் ஒழுகும், அந்தக் கொஞ்சம்தான் ஜெட்டை அடைக்கிறது, அதையும் எடுத்துடணும். ஆயில் சூடா இருக்கும்போதே மாத்திடுங்க, பழைய ஆயிலோட மாசக்கணக்கா நிக்க விட்டா உள்ள அரிக்கும். பிளக்கைக் கழட்டி ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு கயிறை மெதுவா ஒரு இழு, பிளக்கைத் திரும்பப் போட்டு, கயிறு இறுக்கமா வர்ற இடத்துல நிறுத்திடணும், அப்ப ரெண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரம் உள்ள போகாது.

தரையில நேரா வைக்காம பலகை மேல வைங்க. தார்ப்பாயை அடி வரைக்கும் இறுக்கிக் கட்டாதீங்க, உள்ள வேர்த்துடும். சைலன்சர் வாயில எலி, குளவி கூடு கட்டும், வலை போடுங்க, ஓட்டுறப்ப மறக்காம எடுத்துடணும்.

இப்ப சீசன் ஆரம்பம்ங்கறதால மாசம் ஒருக்கா புது பெட்ரோல் கொஞ்சம் ஊத்தி 15, 20 நிமிஷம் லோடு போட்டு ஓட்டுங்க. சும்மா ஓட்டுனா பத்தாது, ஃபேன், ஃப்ரிட்ஜ் ஏதாவது போடணும், அப்பதான் ஓல்டேஜ் சரியா வருதான்னும் தெரியும்.

டெல்டாக்காரன்:
ரொம்ப நன்றிண்ணே ரெண்டு பேருக்கும். பவுலைத் திறந்தேன், நீங்க சொன்ன அதே பச்சை, மெயின் ஜெட்டு முக்கால்வாசி மூடியிருந்துச்சு. சுத்தம் பண்ணி புது பெட்ரோல் ஊத்துனதும் புடிச்சுகிச்சு, சோக் இல்லாமலே நின்னு ஓடுது. இன்னொன்னு, வீட்டு லைனுக்குக் கொடுக்க ரெண்டு பக்கமும் பிளக் வச்ச ஒயர் ஒன்னு பண்ணித்தரேன்னு இங்க ஒரு எலக்ட்ரீசியன் சொல்றார், ஓகேவா?

ரிவைண்டிங் கடை:
தம்பி அதைத் தொடவே தொடாதீங்க. மெயினை ஆஃப் பண்ண ஒருத்தர் மறந்தா போதும், உங்க 230 வோல்ட் தெரு டிரான்ஸ்பார்மர்ல தலைகீழா ஏறி 11,000 வோல்ட்டா லைன்ல போகும், புயலுக்கு அப்புறம் கம்பத்துல நிக்கிற லைன்மேன் உயிர் போயிடும். இபி, ஜெனரேட்டர் ரெண்டுல ஒன்னை மட்டும் வீட்டு லைனோட சேர்க்குற டபுள் போல் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் போடுங்க, நியூட்ரலும் சேர்ந்து மாறணும். உங்க மிஷின் 13 ஆம்ப்ஸ்தான் தரும், ஆனா அதே ஸ்விட்ச் வழியாத்தான் இபி கரண்டும் வரும், அதனால வீட்டு மெயின் எத்தனை ஆம்ப்ஸோ அதுக்குக் குறையாம வாங்குங்க.

மழை அடிக்குதுன்னு திண்ணையிலயோ கொட்டகையிலயோ வச்சு ஓட்டிடாதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, அம்மா வேற மூச்சுக்கு மருந்து எடுக்குறவங்க. வீட்டை விட்டு 20 அடியாவது தள்ளி, ஜன்னல் பக்கம் புகை திரும்பாம, நாலு பக்கமும் திறந்த மாதிரி மேல மட்டும் ஒரு தகரம் போட்டு வைங்க.