ஆட்டுக் கிடையா, தொழு உரமா: சொந்த வயலிலேயே ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

கேள்வி: வண்டல்மண்

வணக்கம். திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஐந்து ஏக்கரில் பல ஆண்டுகளாக ரசாயன உரமும் பூச்சிக்கொல்லியும் இல்லாமல் சாகுபடி செய்துவருகிறோம். சம்பாப் பட்டத்தில் மாப்பிள்ளைச் சம்பாவும் சீரகச் சம்பாவும் நடுவோம். அறுவடைக்கு ஒரு வாரம் முன்பாக, நின்ற பயிருக்குள்ளேயே உளுந்து தெளிப்போம். வீட்டில் உம்பளச்சேரி மாடுகள் இருப்பதால் குப்பைக்குழி எரு ஓரளவு தேறுகிறது. போதாத குறைக்கு, உளுந்து எடுத்த பிறகு சித்திரை, வைகாசியில் ராமநாதபுரம் பக்கமிருந்து மந்தையோடு வரும் கீதாரிகளிடம் (ஆடு மேய்ப்பவர்களிடம்) சொல்லி ஆட்டுக் கிடை போடுகிறோம், அதாவது இரவில் மந்தையை வயலிலேயே அடைக்கிறோம்.

கிடை போட்ட வயலில் பயிர் கருகருவென்று எழும்புவது உண்மைதான். ஆனால் கதிர் முற்றும் தறுவாயில் மாப்பிள்ளைச் சம்பா முதலில் சாய்வதும் அங்கேதான். கிடைக் கூலி கூடிக்கொண்டே போவதால், அந்தப் பணத்துக்கு எருவை விலைக்கு வாங்கிப் போடலாம் என்று தம்பி சொல்கிறார். கிடையை விட்டால் மண் வலுவிழந்துவிடும் என்பது அப்பாவின் வாதம். இரு தரப்புக்கும் கண்பார்வையைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. ஆகவே வரும் கோடையில் நாமே ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். ஒரு வயலில் கிடையும் பக்கத்து வயலில் எருவும் போட்டு, அறுவடையில் மூட்டையை எண்ணினால் போதுமா? வேறு எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பதில் 1: களத்துமேடு

ஐயா, ஒரு வயலுக்கு ஒரு வயல் என்று ஒப்பிட்டால், ஆட்டுக் கிடைக்கும் தொழு உர எருவுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்த்தீர்களா, அல்லது அந்த இரண்டு வயல்களுக்கும் முன்பிருந்தே உள்ள வித்தியாசத்தைப் பார்த்தீர்களா என்று பிரித்துச் சொல்லவே முடியாது. டெல்டாவில் இது இன்னும் கடினம். தண்ணீர் நுழையும் வாய்மடையில் வண்டல் படிகிறது, அது போய்ச் சேரும் கடைமடையில் தண்ணீர் தேங்குகிறது. ஒரே உரத்தைப் போட்டாலும் இரண்டு இடத்திலும் விளைச்சல் ஒன்றாக இருப்பதில்லை. எனவே வயலைக் குறைந்தது நான்கு இணைகளாகப் பிரியுங்கள். ஒவ்வோர் இணையிலும் உள்ள இரண்டு துண்டுகளும் வாய்க்காலிலிருந்து ஒரே தொலைவில் அருகருகே இருக்க வேண்டும். எந்தத் துண்டுக்குக் கிடை, எதற்கு எரு என்பதை ஒவ்வோர் இணைக்கும் நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள். நமக்கு வசதியான பக்கத்தில் கிடை போடலாம் என்று ஆரம்பித்தால் மேடான, காய்ந்த துண்டுகளெல்லாம் ஆட்டுக்குப் போய்விடும்.

இரண்டாவது சிக்கல் தண்ணீர். வயலுக்கு வயல் பாய்ச்சும் வழக்கம் உங்கள் பகுதியில் இருக்குமானால், கிடைத் துண்டில் கரைந்த சத்து அடுத்த துண்டுக்குள் போய்ச் சேரும். பிறகு இரண்டும் ஒரே பச்சையாகத்தான் தெரியும். துண்டுகளுக்கு இடையே அகலமான வரப்பும், ஒவ்வொன்றுக்கும் தனி மடையும் இல்லாமல் இந்தச் சோதனையில் இறங்க வேண்டாம்.

மூட்டைக் கணக்கும் போதாது. ஒவ்வொரு துண்டிலும் வரப்போரப் பயிரை விட்டுவிட்டு, நடுவில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் அளந்து, அதைத் தனியே அறுத்துத் தூற்றி எடை போடுங்கள். அந்த நெல்லின் ஈரப்பதத்தையும் பார்த்து 14 சதவீதத்துக்குத் திருத்திக்கொள்ள வேண்டும். நூறிலிருந்து ஈரப்பதத்தைக் கழித்து, அதை எடையால் பெருக்கி, 86-ஆல் வகுத்தால் திருத்திய எடை வந்துவிடும். கிடைத் துண்டில் பயிர் பிந்தி முதிர்வது வழக்கம் என்பதால், இதைச் செய்யாவிட்டால் ஈரத்தின் எடையையும் சேர்த்து விளைச்சல் என்று எழுதிவிடுவீர்கள். வைக்கோலையும் தவறாமல் எடை போடுங்கள். மாடு வளர்க்கும் வீட்டில் வைக்கோல்தான் அடுத்த ஆண்டின் எரு. நெல் எடையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதினால் கால்நடையின் பங்கில் பாதி கணக்கிலேயே வராது.

கடைசியாகக் கணக்கு. ஒவ்வோர் இணையிலும் கிடைத் துண்டின் விளைச்சலிலிருந்து எருத் துண்டின் விளைச்சலைக் கழித்து, அந்த நான்கு வித்தியாசங்களின் சராசரியை அவற்றின் திட்டப் பிழையால் (வித்தியாசங்களின் திட்ட விலக்கத்தை இணைகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தது) வகுத்துப் பாருங்கள். நான்கு இணைகளுக்கு விடை, கழித்தல் குறி இருந்தால் அதை விட்டுவிட்டுப் பார்க்கும்போது, 3.18-ஐத் தாண்டினால்தான் வித்தியாசத்தை நம்பலாம். ஆறு இணைகள் வைத்தால் 2.57 போதும். இடமும் ஆளும் இருந்தால் ஆறு வையுங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஆய்வு நிலையத்தின் முடிவு எதுவானாலும் அது அந்த நிலையத்தின் தண்ணீரிலும் மண்ணிலும் செலவிலும் வந்த முடிவு என்பதை மறக்க வேண்டாம். இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வார் 1960-களில் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்து வேலையை விட்டு வெளியேறியதற்கும், அங்குள்ள சோதனை முறைகள் மானாவாரி உழவரின் கைக்கு எட்டாதவையாக இருந்ததே காரணம்.

பதில் 2: கீழக்கரைசல்

நாங்கள் கிடை போடும் குடும்பம். மேலே ஐயா எழுதிய முறை சரியானதே. ஆனால் ஆடுகள் நாணயம் சுண்டிய பக்கத்தில் ஒரே சீராகப் படுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வலைக்குள் அடைத்தாலும் மேடான பக்கத்தில்தான் நெருக்கியடித்துப் படுக்கும். குட்டிகளைக் கவிழ்க்கும் கூடு இருக்கும் மூலையைச் சுற்றித் தாய் ஆடுகள் நிற்பதால் அங்கே புழுக்கை கனமாக விழும். இதைச் சமப்படுத்த வேண்டுமானால் வலையைச் சிறிதாகக் கட்டி இரவுக்கு இரவு நகர்த்த வேண்டும், கூட்டையும் இடம் மாற்ற வேண்டும். விடிந்ததும் ஆடுகளை எழுப்பியவுடனே ஓட்டிவிடாமல் சற்று நேரம் உள்ளேயே நிற்கவிடச் சொல்லுங்கள். எழுந்து நின்றதும் பெய்கிற நீரும் போடுகிற புழுக்கையும் உங்கள் வயலுக்கே கிடைக்கும், பாதையில் போகாது.

எவ்வளவு விழுகிறது என்பதைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். ஒரு மீட்டர் சதுரமாக வெட்டிய சாக்குத் துண்டுகளைக் கிடைக்குள் அங்கங்கே முளையடித்து விரித்து வைத்து, காலையில் புழுக்கையைக் கூட்டி எடை போட்டுப் பாருங்கள். மூத்திரம் சாக்கில் ஊறிவிடும், அதை இப்படி அளக்க முடியாது. ஆனால் கிடையின் சிறப்பே அதில்தான் இருக்கிறது. எருக்குழியில் சேராத அந்தப் பங்கு நேராக மண்ணில் இறங்குகிறது.

எல்லாவற்றையும்விட ஒன்று முக்கியம். பகலில் ஆடு எங்கே மேய்கிறது? உங்கள் உளுந்துத் தாளையே மேய்ந்து உங்கள் வயலிலேயே படுத்தால் உங்கள் சத்து உங்களுக்கே திரும்புகிறது, அவ்வளவுதான். ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் மேய்ந்து வந்து படுத்தால்தான் வெளியிலிருந்து சத்து வருகிறது. சோதனைத் துண்டுகளில் பகல் மேய்ச்சல் வேண்டாம் என்று கீதாரியிடம் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். இன்னொன்று, கோடையில் ஆடுகள் சீமைக் கருவேலங்காயைத் தின்றுவிட்டு வரும். விதை செரிக்காமல் புழுக்கையோடு விழுந்து முளைக்கும். சேற்றுழவில் அது அழுகிவிடும் என்றாலும் வரப்பில் விழுந்தது முளைக்கத்தான் செய்யும். முளையிலேயே பிடுங்கிவிடுங்கள்.

வண்டல்மண்:

இருவருக்கும் நன்றி. ஓர் ஐயம். எவ்வளவு கிடைக்கு எவ்வளவு எரு ஈடு என்று எதை வைத்து முடிவு செய்வது?

பதில் 3: களத்துமேடு

அது உங்கள் கேள்வியைப் பொறுத்தது. தம்பியின் வாதத்தைச் சோதிக்க வேண்டுமானால் செலவைச் சமமாக வையுங்கள்: கிடைக்குக் கொடுக்கும் பணத்துக்கு எவ்வளவு எரு வருமோ அவ்வளவு போடுங்கள். கிடைக்கென்று தனிக் குணம் உண்டா என்று பார்க்க வேண்டுமானால் தழைச்சத்தை (நைட்ரஜனை) சமமாக வையுங்கள். பொதுவாகச் சொல்லப்படும் அளவுப்படி தொழு உரத்தில் 0.5 சதவீதமும் ஆட்டுப் புழுக்கையில் 3 சதவீதமும் தழைச்சத்து உண்டு. ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் 25 கிலோ தழைச்சத்தைத் தருமென்றால், அதே அளவுக்கு ஏறத்தாழ 830 கிலோ காய்ந்த புழுக்கை போதும். மூத்திரத்தில் வருவது இதற்கு மேல். உங்கள் நெல் சாய்வதற்கு இதுவே விளக்கமாக இருக்கலாம்: நெட்டை ரகத்துக்குத் தேவைக்கு அதிகமாகத் தழைச்சத்து போய்க்கொண்டிருக்கக்கூடும். ஆகவே ஆடுகளின் எண்ணிக்கையைப் பாதியாக்கி, ஒவ்வோர் இணையோடும் மூன்றாவதாக ஒரு துண்டு வைத்தால் நல்லது. வெயிலில் திறந்து கிடந்த எருவில் 0.5 சதவீதம்கூட இருக்காது என்பதால், இரண்டையும் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்த்துவிட்டு அளவை முடிவு செய்யுங்கள்.

பதில் 4: நாற்றங்கால்

எனக்குக் கவலை தருவது காலம். வைகாசியில் கிடை போடுகிறீர்கள். சம்பா நடவு ஆவணி, புரட்டாசியில். இடையில் மூன்று, நான்கு மாதம் வயல் சும்மா கிடக்கிறது. மூத்திரத்தில் உள்ள தழைச்சத்து வெயிலில் அம்மோனியாவாக ஆவியாகிறது. கிடை கலைந்த காலையிலேயே மேலாக உழுதுவிட்டால் இந்த இழப்பு குறையும். மிஞ்சியது கோடை மழையின் ஈரத்தில் நைட்ரேட்டாக மாறி மண்ணில் தங்குகிறது. சேற்றுழவுக்குத் தண்ணீர் கட்டியதும், காற்றில்லாத அந்த மண்ணில் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை வாயுவாக்கி விடுகின்றன. காசு கொடுத்துக் கிடை போட்டு, அதில் ஒரு பங்கைக் காற்றுக்கு விடுகிறோம்.

இதற்கு வழி, முதல் மழையிலேயே பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை விதைத்து அந்தத் தழைச்சத்தைப் பிடித்து வைத்து, நடவுக்கு முன்பு மடக்கி உழுவதுதான். ஆனால் தக்கைப்பூண்டு தன் பங்குக்கும் காற்றிலிருந்து தழைச்சத்தைச் சேர்க்கும் என்பதால், விதைத்தால் எல்லாத் துண்டுகளிலும் ஒரே நாளில், ஒரே அளவில் விதையுங்கள். கிடைத் துண்டில் மட்டும் விதைத்தால் சோதனை கெட்டுவிடும்.

அப்பாவின் வாதத்துக்கு ஓராண்டில் பதில் கிடைக்காது. எரு தரும் பலன் பல ஆண்டுகள் தங்கக்கூடியது. இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் நிலையத்தின் ஒரு திடலில் 1852 முதல் 1871 வரை மட்டும் தொழு உரம் போட்டு நிறுத்தினார்கள். நூறாண்டுகள் கழிந்த பிறகும் அந்த மண்ணில் கரிமச் சத்து, எருவே காணாத திடலைவிட அதிகமாக இருந்தது. நம் கோவையிலும் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனைத் திடல் உண்டு. ஆகவே துண்டுகளை ஆண்டுதோறும் மாற்றாதீர்கள். இந்த ஆண்டு கிடை போட்ட துண்டுக்கு அடுத்த ஆண்டு எரு என்று மாற்றினால், முந்தைய கிடையின் மிச்சம் எருவின் பெயரில் கணக்காகிவிடும். பல ஆண்டுகளாகக் கிடை கண்ட வயல் என்பதால், முதலாண்டில் எருத் துண்டும் பழைய கிடையின் பலத்தில்தான் விளையும். உளுந்தின் விளைச்சலையும் துண்டுவாரியாக எடுங்கள். நெல்லில் தெரியாதது உளுந்தில் தெரியலாம்.

பதில் 5: பதிவேடு

அங்ககச் சான்று வைத்திருந்தால், வெளி மந்தையைக் கிடை போடப்போவதைச் சான்றளிப்பு அமைப்பிடம் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து அனுமதி பெறுங்கள். மந்தைக்கு எப்போது என்ன குடற்புழு மருந்து கொடுத்தார்கள் என்பதையும் கேட்டுக் குறித்து வையுங்கள். ஐவர்மெக்டின் போன்ற மருந்து சாணத்தில் தங்கிச் சாண வண்டுகளைக் கொல்லும் என்பதால், மருந்து கொடுத்த கையோடு கிடை போடாமலிருப்பது மண்ணுக்கும் நல்லது.

பதில் 6: கீழக்கரைசல்

மருந்து கொடுத்த நாளைக் கேட்டால் எந்தக் கீதாரியும் சொல்லிவிடுவார். அதில் தயக்கம் வேண்டாம். சிறு சிறு துண்டுகளில் பாதி மந்தையை அடைக்கச் சொல்லும்போது கூலியைத் தலைக்கணக்கில் பேசாமல் இரவுக்கணக்கில் பேசுங்கள். மந்தையைப் பிரித்து இரண்டு இடத்தில் அடைத்தால் அவர்களுக்குக் காவல் ஆள் கூடுதலாக வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துக் கொடுப்பதே முறை. வேலை தொடங்குமுன் துண்டுகளின் மூலைகளில் சுண்ணாம்பு பூசிய முளைகளை அடித்து வைத்தால், இருட்டிய பிறகு வந்து சேரும் மந்தையையும் சரியான இடத்தில் அடைத்துவிடலாம்.