மகன் டிஃபென்ஸ் கோச் ஆகணும் என்கிறான், இந்தப் பாதை எப்படி?

டேட்டன்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். என் மூத்தவன் இங்கே ஒஹாயோவில் ஒரு சின்ன டிவிஷன் 3 (கல்லூரி விளையாட்டில் மூன்றாம் அடுக்கு) கல்லூரியில் நான்கு வருடம் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடினான், சேஃப்டி, அதாவது டிஃபென்ஸில் கடைசியாக நின்று தடுக்கிறவன். படிப்பு ஃபைனான்ஸ். மே மாதம் பட்டம் வாங்குகிறான், கொலம்பஸில் ஒரு வங்கியில் வேலையும் உறுதியாகிவிட்டது. இப்போது பார்த்து, தெற்கே ஒரு டிவிஷன் 2 கல்லூரியில் டிஃபென்ஸ் பக்கம் கிராஜுவேட் அசிஸ்டென்டாக (ஜி.ஏ., முதுகலை படித்துக்கொண்டே கோச்களுக்கு உதவுகிறவர்) வரச் சொல்லியிருக்கிறார்கள், அதற்குத்தான் போவேன் என்று நிற்கிறான். முதுகலைக் கட்டணத்தை அவர்கள் கட்டிவிடுவார்களாம், கையில் தருவது வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே இழுபறி.

அவனுக்கு இதில் உள்ள பிடிப்பு எனக்குத் தெரியாமல் இல்லை. கிறிஸ்துமஸ் லீவில் வந்தபோது என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து லேப்டாப்பில் ஒரு மேட்ச்சில் ஒரே ஆட்டத்தை (பந்தை ஒரு முறை எடுத்து ஆடுவது) மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டான். “முன்வரிசையில் நிற்கிற அந்த கார்டு கையைத் தரையில் அழுத்தாமல் லேசாக வைத்திருக்கிறான் பாருங்கப்பா, இது பாஸ், பந்தை எறியப்போகிறார்கள்” என்றான். பாஸ்தான். அடுத்த ஆறு ஆட்டத்தில் ஐந்தைச் சரியாகச் சொன்னான். ஆனால் டிவியில் தெரிகிற கோச்களுக்கும் இவனுக்கும் நடுவில் எத்தனை படி இருக்கிறது, அது எத்தனை வருடம், யாராவது விவரமாகச் சொல்லுங்கள். இவன் அம்மா இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை.

ஏதென்ஸ் மாறன்:
சார், உங்கள் பையன் கதையைப் படித்ததும் எனக்கு ஜார்ஜியா ஹெட் கோச் கிர்பி ஸ்மார்ட்தான் நினைவுக்கு வந்தார். அவரும் சேஃப்டி, ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் படித்ததும் ஃபைனான்ஸ்தான். தொழில்முறை லீகான என்எஃப்எல் போக முயன்று இடம் கிடைக்காமல் திரும்பி வந்து, 1999ல் ஜார்ஜியாவிலேயே ஆபீஸ் உதவியாளராக ஆரம்பித்தார். 2000ல் வால்டோஸ்டா ஸ்டேட் போனார், அது டிவிஷன் 2 கல்லூரி. அங்கே டிஃபென்சிவ் கோஆர்டினேட்டராக (டிஃபென்ஸ் முழுவதையும் நடத்துகிற கோச்) இருந்த வில் மஸ்சாம்ப் அடுத்த வருடம் எல்எஸ்யூவுக்கு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) கிளம்பியதும் அந்த நாற்காலி இவருக்கு வந்தது, அப்போது வயது 25.

அதற்கடுத்து அவர் செய்ததைத்தான் உங்கள் வீட்டில் சொல்ல வேண்டும். கோஆர்டினேட்டர் பதவியை விட்டுவிட்டு 2002ல் ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு, அங்கே ஹெட் கோச்சாக இருந்த பாபி பவுடனிடம் கிராஜுவேட் அசிஸ்டென்டாகப் போனார். பட்டியலில் பார்த்தால் அது இறக்கம். ஆனால் பெரிய கல்லூரிக்குள் நுழைய அதுதான் வாசல். இரண்டு வருடம் கழித்து எல்எஸ்யூவில் மஸ்சாம்ப் கோஆர்டினேட்டர், ஹெட் கோச் நிக் சேபன், இவரை டிஃபென்ஸின் பின்வரிசைக்கு, அதாவது கார்னர்பேக், சேஃப்டிகளுக்குக் கோச்சாக அங்கே எடுத்தார்கள். 2005ல் ஒரு வருடம் ஜார்ஜியா, 2006ல் மறுபடி சேபனிடம் என்எஃப்எல் அணியான மயாமி, அப்புறம் அவரோடேயே 2007ல் அலபாமா, 2008லிருந்து கோஆர்டினேட்டர், 2009ல் நாட்டின் சிறந்த உதவி கோச்சுக்கான ப்ராய்ல்ஸ் விருது. அதற்குப் பிறகும் பல வருடம் எத்தனையோ ஹெட் கோச் வேலைக்கு அவர் பெயர் அடிபட்டது, 2015 கடைசியில் ஜார்ஜியா கூப்பிடும் வரை அசையவில்லை. 2021, 2022 இரண்டு சீசனிலும் தேசிய சாம்பியன். மஸ்சாம்ப் இரண்டு இடத்தில் ஹெட் கோச்சாக இருந்து இரண்டிலும் நீக்கப்பட்ட பிறகு, 2021ல் ஜார்ஜியாவுக்கு வந்து கிர்பியிடம் வேலை பார்த்தார். யார் யாரைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்பதில்தான் இந்தத் தொழில் முழுக்க நடக்கிறது. அதனால் கல்லூரி எது என்பதைவிட, அங்கே டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர் யார், அவரிடம் முன்பு வேலை பார்த்த ஜி.ஏ.க்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

ஹூஸ்டன் வாத்தியார்:
அண்ணா, நான் இரண்டு வருடம் ஜி.ஏ.வாக இருந்தவன், லைன்பேக்கர்கள் (டிஃபென்ஸின் நடு வரிசை) பக்கம். கல்லூரி பெயர் வேண்டாம். மாறன் சொன்னது உச்சிக்குப் போனவரின் கதை, நான் அடிவாரத்தைச் சொல்கிறேன்.

சனிக்கிழமை மேட்ச். ஞாயிறு மதியமே அடுத்த எதிரணியின் ஃபிலிம் வந்துவிடும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எத்தனையாவது டவுன் (பத்து யார்ட் முன்னேறக் கிடைக்கிற நான்கு முயற்சிகளில் எது), எத்தனை யார்ட் பாக்கி, பந்து மைதானத்தில் எந்தப் பக்கக் குறியில், பந்தோடு ஓடுகிற ரன்னிங் பேக் எத்தனை, முன்வரிசை ஓரத்தில் நிற்கிற டைட் எண்ட் எத்தனை என்று ஒன்று விடாமல் பதிய வேண்டும். நான்கு மேட்ச் என்றால் முந்நூறு சொச்சம் வரி. மூன்றாவது டவுனில் இந்த அணி என்ன செய்யும் என்று திங்கள் காலை கோஆர்டினேட்டர் பேசுவது அந்த வரிகளை வைத்துத்தான், நாம் ஒன்றைத் தப்பாகப் போட்டால் அவர் தப்பாக முடிவெடுப்பார். அப்புறம் அட்டை வரைவது. எதிரணியின் ஆட்டங்களைக் கறுப்பு மார்க்கரில் பெரிய அட்டையில் வரைந்து, பயிற்சியில் ஸ்கௌட் டீம் பையன்கள் முன்னால் தூக்கிப் பிடிக்க வேண்டும், அவர்கள் அதைப் பார்த்து எதிரணி மாதிரி ஓடுவார்கள். இதற்கு நடுவில் மாலை வகுப்பு, விமான நிலையத்திலிருந்து ஆள் கூட்டி வருவது, வருங்கால மாணவர்களுக்குக் கடிதம். நவம்பரில் ஒரு நாள்கூட நான் எட்டு மணிக்கு முன் வீடு போனதாக நினைவில்லை. ஆனாலும் அந்த இரண்டு வருடத்தில் கற்ற ஃபுட்பாலை வேறெங்கும் கற்றிருக்க முடியாது.

என் இரண்டாவது சீசன் முடிந்த மறுநாள் காலை ஹெட் கோச்சை நீக்கினார்கள். பத்து நிமிடக் கூட்டம், அவ்வளவுதான். புது ஹெட் கோச் தன் ஆட்களோடு வந்தார். எங்கள் கோஆர்டினேட்டருக்கு மூன்று குழந்தைகள், நடுப் பள்ளி வருடத்தில் வீட்டைக் காலி செய்தார். அன்று அவர் தன் ஒயிட்போர்டைத் துடைத்துக்கொண்டிருந்ததை நான் மறக்கவில்லை. எனக்கு வேறு கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. முதுகலை கையில் இருந்தது, டெக்சஸில் பள்ளி ஆசிரியராகி அங்கேயே டிஃபென்ஸ் கோச்சாக இருக்கிறேன். இங்கே இதுவும் மதிப்பான வேலை, அதை ஒரு தோல்வியாக நான் நினைத்ததே இல்லை.

பிளாக்ஸ்பர்க் பழைய மாணவி:
ஹெட் கோச் ஆவதுதான் முடிவு என்று வைத்துப் பேச வேண்டாமே. நான் வர்ஜீனியா டெக்கில் படித்தவள். எங்கள் பட் ஃபாஸ்டர் 1987ல் ஹெட் கோச் ஃபிராங்க் பீமரோடு வந்தார், 1995ல் டிஃபென்ஸ் பொறுப்பு, 2019 சீசன் வரை அதே வேலை. ஹெட் கோச் ஆகவே இல்லை. அவருடைய டிஃபென்ஸின் அடையாளம் அடிபட்டு நசுங்கிய ஒரு பழைய இரும்புச் சாப்பாட்டு டப்பா. தொழிலாளி வேலைக்குப் போகிற மாதிரி, வீரர்களில் ஒருவர் அதைக் கையில் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் வருவார். இன்றும் அதன் படத்தைப் பார்த்தால் எனக்குத் தொண்டை அடைக்கும்.

பொறுமைக்கு இன்னொருவர் ப்ரென்ட் வெனபிள்ஸ். கேன்சஸ் ஸ்டேட்டில் லைன்பேக்கராக ஆடி 1993ல் அங்கேயே ஜி.ஏ., பிறகு டிஃபென்ஸ் கோச்சாக ஒக்லஹோமாவில் 13 சீசன், கிளெம்சனில் 10, இரண்டு இடத்திலும் தேசியப் பட்டம். கிளெம்சனில் ஆட்டம் சூடுபிடித்தால் மைதான ஓரக் கோடு தாண்டி உள்ளே போய்விடுவார், அவரைப் பின்னால் இழுத்துப் பிடிக்கவே ஒரு ஆள் நிற்பார். முதல் ஹெட் கோச் வேலை 2021 டிசம்பரில், 50 வயதில்.

டேட்டன்வாசி:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வாத்தியார் எழுதியதை இவன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முதுகலை கையில் இருக்கும், பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கலாம் என்ற இடத்தில், திரும்ப வாசிக்கச் சொன்னாள். மகனிடம் அந்த கோஆர்டினேட்டரைப் பற்றிக் கேட்டேன், இந்த ஏழு வருடத்தில் அவரிடம் இருந்த நான்கு ஜி.ஏ.க்களின் பெயரை மளமளவென்று சொன்னான், மூன்று பேர் இப்போது கோச்சாக இருக்கிறார்களாம். நாலாவது ஆளின் நம்பர் வாங்கியிருக்கிறான். முதலில் அவரிடம்தான் பேசப்போகிறோம்.

ஹூஸ்டன் வாத்தியார்:
சரியான ஆளைப் பிடித்திருக்கிறீர்கள் அண்ணா. ஏன் விட்டார் என்று கேளுங்கள். அந்த ஹெட் கோச்சுக்கு ஒப்பந்தத்தில் இன்னும் எத்தனை வருடம் பாக்கி என்பதையும் தம்பியை விசாரிக்கச் சொல்லுங்கள்.