தங்கச்சிமடத்தில் குடியேறுகிறோம்: கோயிலைத் தவிர ராமேஸ்வரம் தீவில் எங்கே, எப்போது போகலாம்?

வைகைக்கரை:
வேலை மாறுதலில் செப்டம்பரிலிருந்து தங்கச்சிமடத்தில் வாடகை வீடு. ஏழு வயதுப் பையன், முழங்கால் வலி உள்ள அம்மா, நாங்கள் இரண்டு பேர். இருபத்திரண்டு தீர்த்தம், மூன்றாம் பிரகாரம், பேக்கரும்பு கலாம் நினைவிடம் எல்லாம் சுற்றுலா வந்தபோதே பார்த்தாயிற்று. உள்ளூர்க்காரர்கள் சாயங்காலம் எங்கே போவீர்கள்? பையனைக் கடலில் இறக்கத் தோதான இடம் எது? நல்ல மீன் என்றைக்குக் கிடைக்கும்? பாம்பன் ரயில் பாலம் தூக்குவதைப் பார்க்க முடியுமா? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓலைக்குடா:
இடத்தைக் கேக்குறதுக்கு முன்னாடி காற்றைக் கேளுங்க சார். இந்தத் தீவுல எந்தக் கரையும் வருஷம் முழுக்க நல்ல கரை கிடையாது. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. மே முதல் செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குக் காற்று. அப்ப தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசி கடைசியில வாடை பிடிச்சதும் அப்படியே தலைகீழ்: வடகடல் கலங்கிச் சேறாயிரும், தென்கரை அடங்கிரும். தை கழியுற வரைக்கும் அப்படித்தான். இடையில மார்ச், ஏப்ரல்ல ரெண்டு பக்கமும் ஓரளவு சும்மா இருக்கும்.

நீங்க செப்டம்பர்ல வர்றதால முதல்ல வடகரை. உங்க வீட்டுக்குப் பக்கம் வில்லூண்டி தீர்த்தம். கடலுக்குள்ள நடைபாலம் போட்டிருக்கு, அது முடியுற இடத்துல நல்ல தண்ணிக் கிணறு. சுத்தி உப்பு, நடுவுல இனிப்பு எப்படின்னு பையன் கேப்பான். மழைத்தண்ணி மணல்ல இறங்கி, கனம் குறைவுங்கறதால உப்புத்தண்ணிக்கு மேல ஒரு படலமா மிதக்கும். கிணறு அந்தப் படலத்தோட நின்னா இனிக்கும், அதைத் தாண்டி ஆழமாப் போனா கரிக்கும். தனுஷ்கோடி மணல்ல கையால ஊற்றுத் தோண்டிக் குடிதண்ணி எடுக்குறதும் இதே கணக்குதான். தீவுல ஆழ்துளை போட்டவங்க தண்ணி உப்பாப் போறதுக்கும் இதுதான் காரணம். வீடு பாக்கும்போதே மோட்டார் தண்ணிய நாக்குல வச்சுப் பாத்துருங்க.

பையனைக் குளிக்க விட ஓலைக்குடா, சங்குமால் பக்கம் ஆழம் மெதுவாத்தான் கூடும். காலை ஏழரைக்குள்ள முடிச்சிருங்க. தண்ணியில காலைத் தூக்கித் தூக்கி வைக்காம மணலை உரசித் தேய்ச்சு நடக்கச் சொல்லிக் குடுங்க. மணலுக்குள்ள திருக்கை படுத்திருந்தா அந்த அதிர்வுல விலகிப் போயிரும், மேல மிதிச்சா வால்முள்ளால அடிக்கும். அடிச்சிருச்சுன்னா தாங்குற அளவு சுடுதண்ணியில காலை முக்கி வச்சுக்கிட்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. சொறி (ஜெல்லிமீன்) பட்டா கடல்தண்ணியாலயே அலசணும். நல்ல தண்ணி ஊத்துறது, மணலைப் போட்டுத் தேய்க்கிறது ரெண்டும் எரிச்சலைக் கூட்டும்.

வாடைக் காலத்துல இதே கரையில கடற்புல்லும் பாசியும் குவிஞ்சு அழுகி நாறும். அப்ப இங்க வந்துட்டு ஊரே அசிங்கம்னு எழுதிராதீங்க.

தெற்குவாடி:
ஓலைக்குடாக்காரர் வடகரையைச் சொல்லிவிட்டார், நான் பாம்பன் பக்கத்தைச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு ஏற்ற இடம் குந்துகால். சிகாகோ போய்த் திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று கரையிறங்கிய இடம், பாஸ்கர சேதுபதி வந்து வரவேற்றார். நினைவு மண்டபம் இருக்கிறது, வண்டி பக்கத்திலேயே நிற்கும், ஏற வேண்டிய மேடு எதுவும் இல்லை. எதிரே குருசடைத் தீவு. வனத்துறை அங்கே படகு விடுகிறது, ஆனால் காற்று கூடினால் நிறுத்திவிடுவார்கள், ஆகவே டிசம்பருக்குப் பிறகு திட்டமிடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. மீனவர் யாராவது வேறு தீவில் இறக்கிவிடுகிறேன் என்றால் ஏறாதீர்கள், வழக்கு உங்கள் மேலும் வரும்.

ராமர் பாதம் தீவிலேயே உயரமான மேடு, அந்தி வெளிச்சம் அருமையாக இருக்கும். ஆனால் படி உண்டு, அம்மாவுக்கு வேண்டாம்.

பாலம்: பழைய ரயில் பாலம் 1914-இல் திறந்தது, 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றது. புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6 முதல் ஓடுகிறது. பழையதில் நடுப்பகுதி இரண்டு கையாக மேலே விரிந்தது. புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே கிடைமட்டமாக 17 மீட்டர் உயரத்துக்கு ஏறும். இதற்குத் தினசரி நேர அட்டவணை கிடையாது. கால்வாயைக் கடக்கக் கப்பலோ இழுவைப் படகோ ஆழ்கடல் விசைப்படகோ சேர்ந்தால்தான் தூக்குவார்கள். சாலைப் பாலத்திலிருந்து பார்க்கும்போது உயரமான படகுகள் நங்கூரம் போட்டு வரிசையாகக் காத்திருந்தால், அன்றோ மறுநாளோ தூக்குவார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்திலும் பெரும்பாலும் முந்தின நாளே செய்தி வந்துவிடும்.

மீன்: ராமேஸ்வரம் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி டோக்கன் வாங்கிக் கிளம்பி மறுநாள் காலை திரும்பும். ஆகச் செவ்வாய், வியாழன், ஞாயிறு விடிகாலை துறைமுகம் போனால் இறால், கணவாய், நண்டு மலிவு. புயல் எச்சரிக்கையோ வேலைநிறுத்தமோ வந்தால் இந்தக் கணக்கு சரிந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், அப்போது நாட்டுப்படகு மீன் மட்டும்தான், விலையும் ஏறும். ருசிக்கு என் ஓட்டு எப்போதும் நாட்டுப்படகுக்கே. அன்றைக்குப் பிடித்தது அன்றைக்கே கரைக்கு வரும், ஐஸில் கிடந்த மீனுக்கு அந்தச் சதை வராது. விளமீன், பாறை, நகரை எது கிடைத்தாலும் செவுளைத் தூக்கிப் பாருங்கள். நண்டின் அடிவயிற்று ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் ஓடு கழற்றிய நண்டு, வேகவைத்தால் உள்ளே தண்ணீர்தான் இருக்கும். கூறு போட்டு விற்கும் காரல் வாங்கினால் குழம்பு வைக்காதீர்கள், சொதிதான் அதற்கு.

வைகைக்கரை:
இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, நன்றி. அம்மாவுக்குச் செடி என்றால் உயிர். தீவு மணலில் ஏதாவது வருமா?

அக்காள்மடம்:
தம்பி, மல்லிகை நாற்றுக்கே பேர் போன ஊருக்கு வந்துட்டு இப்படிக் கேக்கலாமா! தங்கச்சிமடம், அக்காள்மடம் ரோட்டுல போனாலே பதியன் போட்ட தோட்டம் தெரியும். ராமநாதபுரம் குண்டுமல்லி நாற்று இங்கிருந்துதான் வெளியூருக்கெல்லாம் போகுது. மணல் இளக்கமா இருக்குறதால வேர் ஒடியாம கட்டுக்கட்டாப் பிடுங்கிரலாம், அதான் இந்த ஊருக்கு இந்தத் தொழில் வந்துச்சு. அம்மாவைச் சாயங்காலம் அங்க கூட்டிட்டுப் போங்க, வெயில் தாழ்ந்தப்புறம்தான் நின்னு பேச நேரம் கிடைக்கும்.

வாங்குறப்ப வேர் ஈரமா இருக்கான்னு பாருங்க. ஈரச்சாக்குல சுத்தி எடுத்துட்டுப் போய் அன்னைக்கோ மறுநாளோ நட்டுரணும். ஜூன்லருந்து நவம்பர் வரைக்கும் நடலாம். ஒரு அடி நீள அகல ஆழத்துக்குக் குழி, மக்குன எரு, செடிக்குச் செடி நாலடி. நவம்பர் கடைசியில தரையிலருந்து ஒன்றரை அடி விட்டு மேல எல்லாத்தையும் வெட்டிவிடணும். பாவம்னு வெட்டாம விட்டா இலைதான் மண்டும், பூ வராது. மார்ச்லருந்து அரும்பு கட்டும். உப்புத்தண்ணி ஊத்துனா இலை ஓரம் கருகும், சொல்லிட்டேன்.

பதநீர் இப்ப கிடைக்காது, மாசி பங்குனிக்கு மேல பாருங்க. வெயில் ஏறுறதுக்குள்ள குடிச்சிரணும், சுண்ணாம்பு குறைஞ்ச கலயம்னா சீக்கிரமே புளிச்சிரும். தையில பனங்கிழங்கு வரும்.

மகாளய அமாவாசை, தை அமாவாசை, ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் பக்கமே தலை வைக்காதீங்க. தீவுக்குள்ள வர ஒரே ரோடுதான், மண்டபத்துலருந்தே வண்டி நிக்கும். காய்கறி, மருந்து முந்தின நாளே வாங்கி வச்சுக்கோங்க.

கம்பிப்பாடு:
தனுஷ்கோடியை யாரும் சொல்லவில்லை. அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. விடுமுறை நாளில் பகல் பத்து மணிக்கு மேல் நிறுத்த இடம் கிடைக்காது, சூரியன் எழும் நேரத்துக்குப் போய் எட்டரைக்குத் திரும்பிவிடுங்கள். மாலையில் சோதனைச் சாவடியில் நிறுத்திவிடுவார்கள், உள்ளே இருப்பவர்களையும் இருட்டுமுன் வெளியேற்றிவிடுவார்கள். முனையில் கால் நனைப்பதுகூட வேண்டாம். இரண்டு பக்க நீரோட்டமும் அங்கே மோதுவதால் மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும், இன்று முழங்கால் ஆழம் இருந்த இடம் நாளை ஆளை மூழ்கடிக்கும். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் சிதைந்த தேவாலயம், ரயில் நிலையச் சுவர்களில் பையன் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கல் உதிர்கிறது.

பூநாரை பார்க்க ஜனவரி முதல் மார்ச் வரை கோதண்டராமர் கோயில் சாலை. கணுக்கால் அளவு தண்ணீர் தேங்கும் இடத்தில்தான் மேயும், ஆகவே மழை கூடுதலாகப் பெய்த வருடம் தள்ளிப் போய்விடும். தொலைநோக்கி வேண்டும். சேற்றில் இறங்கினால் கால் புதையும், பறவையும் பறந்துவிடும்.

காரைத் தாரை விட்டு மணலில் இறக்காதீர்கள். இறங்கிவிட்டால் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் தோண்டிக்கொண்டே போகும். உடனே நிறுத்தி, டயர் காற்றைப் பாதியாகக் குறைத்து, சக்கரத்துக்கு முன்னால் மணலை வாரிவிட்டுப் பனையோலை போட்டு, முதல் கியரில் மெதுவாக ஏற்றுங்கள். பிறகு காற்று அடிக்கும்வரை வேகமாகப் போகக் கூடாது.

கடைகளில் 'மிதக்கும் கல்' என்று விற்பதும் அலங்காரப் பவளமும் வாங்க வேண்டாம். பவளம் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது.

வைகைக்கரை:
ஒன்று மட்டும். மண்டபத்துக்கு ஸ்கூட்டரில் பாலத்தைக் கடக்கலாமா?

தெற்குவாடி:
கடக்கலாம். பஸ்ஸோ லாரியோ பக்கத்தில் வரும்போது அது காற்றை மறைக்கும், தாண்டிய நொடியில் பக்கவாட்டில் ஒரே அடியாக அடிக்கும். அந்த நேரம் பிரேக்கைப் பிடிக்காமல் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு வேகத்தை 30-க்குள் வைத்துக்கொள்ளுங்கள். பையனைப் பின்னால் உட்காரவைத்தால் தொப்பியைக் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள். படம் எடுக்க நடுப்பாலத்தில் நிறுத்தினால் போலீஸ் விரட்டும்.