மறுமொழி: ‘சேணப் பொருத்தம்’ என்ற சொல் போதுமா?

வணக்கம்.

குதிரை தன் உடலைத் தாங்கி நிற்கும் பாங்கு, மேலே அமர்ந்திருப்பவரின் சமநிலை, சேணம் முதுகில் படிந்திருக்கும் விதம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்று பார்க்கும் மதிப்பீட்டுக்குச் ‘சேணப் பொருத்தம்’ என்றே பெயர் வைத்துவிடலாம் என நண்பர் எழுதியிருந்தார். எளிய சொல்தான், ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. பொருத்தம் என்றாலே நமக்கு இருவர்தான் நினைவுக்கு வருவார்கள். பத்துப் பொருத்தம் பார்த்தாலும் கையில் இருப்பவை இரண்டு சாதகங்களே. இங்கே சாதகம் மூன்று. அதோடு, பொருத்தம் என்பது ஒருமுறை பார்த்து முடித்துவிடுவது. இதுவோ குதிரை எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் மாறிக்கொண்டே இருப்பது.

மார்பையும் தோளையும் இணைக்கும் காறை எலும்பு குதிரைக்குக் கிடையாது. அதன் மார்புக்கூடு இரண்டு முன்னங்கால்களுக்கும் இடையே, தோள்பட்டை எலும்புகளிலிருந்து இறங்கும் தசைகளால் ஒரு தூளியைப்போல் தொங்குகிறது. ஆகவே, மேலிருப்பவர் வலப்பக்கம் சாய்ந்து அமர்ந்தால் உடற்கூடும் அந்தப் பக்கம் இறங்கலாம். இறங்கிய உடலின்மேல் சேணம் நேராக நிற்காது. சரிந்த சேணத்தில் இருப்பவர் மேலும் சாய்வார். இந்தச் சுழற்சியில் முதற்காரணம் எது என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவதே இல்லை. இதேபோல, குதிரை தலையை உயர்த்தும்போது முதுகு குழிகிறது, கழுத்தைத் தாழ்த்தி நீட்டும்போது முதுகு எழுகிறது. நிற்கும் குதிரையின்மேல் முழுவதும் படிந்திருந்த சேணம், அது தலையைத் தூக்கி ஓடும்போது முன்னும் பின்னும் மட்டும் தொட்டு, நடுவில் பாலம்போல் நின்றுவிடக்கூடும். அப்போது ‘பொருத்தம்’ இருந்ததா, இல்லையா?

நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். பயிற்சிக் களத்தில் ஒரு குதிரையின்மேல் சேணம் எப்போதும் வலப்பக்கமே நகர்ந்துகொண்டிருந்தது. சவாரியாளர் ஒரு பக்கமாக அமர்கிறார் என்று முதலில் அவரைக் குறை சொன்னோம். வேறொருவரை ஏற்றிப் பார்த்தபோதும் அப்படியே நகர்ந்தது. பிறகு பழி சேணத்தின்மேல் விழுந்தது. சேணத்தை மாற்றியும் பயனில்லை. இறுதியில் கால்நடை மருத்துவர், கண்ணுக்கு எளிதில் புலப்படாத நொண்டல் வலப் பின்னங்காலில் இருப்பதைக் கண்டார். பின்னங்கால் நொண்டலால் சேணம் ஒரு பக்கம் நகர்வது அந்தத் துறையில் அறியப்பட்ட ஒன்றுதான். எங்கள் குறிப்பேட்டிலோ அந்த இரண்டு வாரங்களும் ‘சேணப் பொருத்தச் சிக்கல்’ என்ற தலைப்பின்கீழ்தான் பதிவாகியிருந்தன. சொல் எங்கே பார்க்கச் சொன்னதோ அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தோம்.

எனவே ‘பொறை இயைபு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். பொறை என்றால் சுமை. குறளில் சிவிகையைப் ‘பொறுத்தான்’ ஒருவன், அதில் ‘ஊர்ந்தான்’ இன்னொருவன். சுமப்பவரையும் ஏறிச் செல்பவரையும் ஒருசேரக் காட்டும் வழக்கு நம்மிடம் பழமையாகவே இருக்கிறது. இயைபு என்பது இரண்டுக்கு மட்டும் உரியதன்று. எத்தனை உறுப்புகள் இருந்தாலும் அவை ஒன்றோடொன்று சேரும் தன்மையை அது குறிக்கும். மதிப்பீட்டைப் ‘பொறை இயைபு ஆய்வு’ எனலாம். புணர்த்திப் ‘பொறையியைபாய்வு’ என்று எழுதினால் படிப்பவர் மூச்சு வாங்குவார், பிரித்தே எழுதுவோம்.

பொறை என்றால் பொறுமை என்றுதானே இன்று புரிந்துகொள்வார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த இரண்டாம் பொருள் இங்கே கெடுதல் செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. முதுகு வலியைக் குதிரை நெடுநாள் பொறுத்துக்கொள்கிறது; காதை மடக்குவதும், சேணத்தை வயிற்றோடு கட்டும் வாரை இறுக்கும்போது கடிக்கத் திரும்புவதும், தோலில் வெள்ளை மயிர் முளைப்பதும் அது பொறுத்தது போதும் என்ற நிலையில்தான் நம் கண்ணில் படுகின்றன.

‘சேணப் பொருத்தம்’ என்பதைக் கைவிட வேண்டியதில்லை; அதை அதன் எல்லைக்குள் வைத்தால் போதும். வார் இறுக்காமல், ஆள் ஏறாமல், சேணம் தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் தொடங்கிக் கடைசி விலாவான 18ஆவது விலாவைத் தாண்டாமல் அமர்கிறதா என்று கைவிட்டுத் தடவிப் பார்க்கும் சோதனைக்கு அது சரியான பெயர். ஆள் ஏறிய பிறகு நடையிலும் ஓட்டத்திலும் பார்ப்பது பொறை இயைபு. சவாரியாளர் கால் வைக்கும் அங்கவடி தொங்கும் இடம் மிகவும் முன்னால் அமைந்த சேணத்தில் சவாரியாளரின் கால் முன்னே இழுபட்டு, உடல் பின்னே சாய்வது இந்த இரண்டாம் கட்டத்தில்தான் தெரியும். சேணத்தைக் கழற்றியதும் வியர்வைக்கு நடுவே உள்ளங்கையளவு உலர்ந்த திட்டு தெரிந்தால், அங்கே அழுத்தம் மிகுந்திருக்கலாம், அல்லது சேணம் தொடவே இல்லாமலும் இருக்கலாம். எது என்று முடிவு செய்ய மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

குதிரையின் நிற்பு முறைக்கு முன்மொழியப்பட்ட ‘உடல்நிலை’ வேண்டாம். ‘குதிரையின் உடல்நிலை சரியில்லை’ என்றால் காய்ச்சல் என்றுதான் படிப்பார்கள். ‘உடற்பாங்கு’ போதும். ஏறிச் செல்பவரை ‘ஓட்டுநர்’ என்பதும் வேண்டாம், அவர் வண்டிக்கு உரியவர். ‘சவாரியாளர்’ என்பதே நிற்கட்டும்.

இன்னொன்று. கழுத்து முடிந்து முதுகு தொடங்குமிடத்தில் எழும் மேட்டைத் ‘திமில்’ என்று கலைச்சொல் பட்டியலில் கண்டேன். அது மாட்டுக்கு உரியது, தசையும் கொழுப்புமானது. குதிரையிடம் உயர்ந்து நிற்பவை முதுகெலும்புகளின் நீண்ட முட்கள். அவற்றின்மேல் சதைப்பற்று மிகக் குறைவு. ‘தோள்மேடு’ என்று எழுதலாம். திமில் என்று எழுதினால், சேணத்தின் முன்வளைவு அங்கே சற்று இடித்தாலும் தாங்கிக்கொள்ளும் என்று புதிதாகக் கற்பவர் எண்ணிவிடுவார்.