ஹிரோஷிமா இருக்கச் சன்னோசே துறையில் தூதர்கள் தங்கியது ஏன்?

வைகைக்கரை (கேள்வி):
மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரேயுள்ள மங்கம்மாள் சத்திரத்தைப் பற்றி மாணவர்களுக்குக் குறிப்பு எழுதும்போது, அக்காலத்தில் பிற நாடுகளில் பயணிகள் எங்கே தங்கினார்கள் என்று தேடப் போய், ஜப்பானின் செட்டோ உள்கடலில் உள்ள ஷிமோகாமகாரி என்ற சிறு தீவில் வந்து நின்றேன். கொரியாவின் ஜோசன் அரசர்கள் 1607 முதல் 1811 வரை பன்னிரண்டு முறை ஜப்பானுக்குத் தூதுக் குழு அனுப்பினார்கள்; அவற்றில் பதினொன்று இத்தீவின் சன்னோசே துறையில் தங்கின. கோட்டை நகரான ஹிரோஷிமா அருகிலேயே இருக்க, இந்தச் சிறு தீவை ஏன் தேர்ந்தார்கள்? இதையும் ஒரு சத்திரம் என்று எழுதலாமா?

தெப்பக்குளத்தெரு:
ஐயா, ஹிரோஷிமா விரிகுடாவின் உள்ளே, ஆற்று முகத்தில் இருக்கிறது. மேற்கே காமினோசெகி துறையிலிருந்து கிழக்கே தோமோ துறைக்குப் போகிற கப்பல் அங்கே போனால் வழி சுற்று. சன்னோசேயோ போகிற வழியிலேயே, இரண்டு தீவுகளுக்கு நடுவில் ஒடுங்கிய நீரிணையில் இருக்கிறது. பாய்மரமும் துடுப்பும் மட்டுமே இருந்த காலத்தில், நீரோட்டம் திரும்பும் வரை ஒதுங்கி நிற்க அப்படியோர் இடம் வேண்டும்.

அங்குள்ள நீண்ட கல் படித்துறையைக் கட்டுவித்தவர், 1619 வரை ஹிரோஷிமாவை ஆண்ட ஃபுகுஷிமா மசனோரி. அந்தக் கடலில் ஏற்றவற்றம் பல அடி. ஆகவே நீர் எந்த மட்டத்தில் நின்றாலும் ஏதோ ஒரு படியில் படகை அணைக்கலாம். நம் தெப்பக்குளத்தில் நீர் ஒரு படி இறங்கினால் நாமும் ஒரு படி இறங்குவது போலத்தான். (குளம் வற்றிய ஆண்டுகளில் நாங்கள் உள்ளே கிரிக்கெட் ஆடியது வேறு கதை.) அக்குளத்தை வெட்டுவித்த திருமலை நாயக்கரின் ஆட்சிக் காலத்தில் மட்டும் 1624, 1636, 1643, 1655 என நான்கு தூதுக் குழுக்கள் ஜப்பானுக்குப் போயின.

சித்திரை வீதி:
சத்திரம் என்று எழுத வேண்டாம் என்பது என் கருத்து. சத்திரம் வழிப்போக்கருக்கு அறமாக வைப்பது. சன்னோசேயில் நடந்தது அரசாணைப்படி செய்த உபசாரம். ஒரு குழுவில் நானூறு, ஐந்நூறு பேர் வருவார்கள். அவர்களுக்கான தங்குமிடம், உணவு, காவல், வழிகாட்டும் படகுகள் என எல்லாச் செலவும் ஹிரோஷிமாவை ஆண்டவர்களின் தலையில்தான், 1619க்குப் பிறகு அசானோ பிரபுக்களின் தலையில்தான், விழுந்தது. முதன்மைத் தூதருக்கு வைத்த சடங்கு விருந்து கண்ணால் பார்ப்பதற்கு மட்டுமே. சாப்பிடும் உணவு பிறகு தனியாக வரும். வழித்துறைகளில் ‘அகி நாட்டுக் காமகாரியின் விருந்தே முதல்தரம்’ (அகி என்பது ஹிரோஷிமா இருந்த பழைய மாகாணம்; காமகாரி இத்தீவுதான்) என்று பெயர் வாங்கியதால், அத்தீவின் அருங்காட்சியக மண்டபம் ஒன்றுக்கு இன்றும் அந்தப் பெயரே இருக்கிறது.

வைகைக்கரை:
இருவருக்கும் நன்றி. ‘சத்திரம்’ என்பதை அடித்துவிட்டு ‘அரசுத் தங்குதுறை’ என்று எழுதிவிட்டேன். பன்னிரண்டாவது குழு மட்டும் ஏன் அங்கே வரவில்லை?

தெப்பக்குளத்தெரு:
1811இல் சடங்குகள் அனைத்தையும், கொரியாவுக்கும் ஜப்பானின் பெருந்தீவுகளுக்கும் நடுவிலுள்ள சுஷிமா தீவிலேயே முடித்துக்கொண்டார்கள். குழு செட்டோ கடலுக்குள் நுழையவே இல்லை.