“உங்களுக்கே பயமா?”

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் பிறந்த எங்களுக்குத் தண்ணீர் என்றால் கொடிவேரிதான். பவானி ஆறு தடுப்பணையைத் தாண்டி விழும் இடத்தில், மேலிருந்து குதிப்பவன்தான் ஆண்பிள்ளை என்று பேசி வளர்ந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் குடும்பங்கள் குளிக்க வரும். பார்க்கிற கண்கள் கூடக்கூட எங்கள் வீம்பும் கூடும். ஒருமுறை என் பெரியப்பா மகன் விழுகிற தண்ணீருக்கு அடியில் சுழலில் சிக்கிக்கொண்டான். வெளியே வர வரத் தண்ணீர் அவனை அணைப்பக்கமே இழுத்தது. பரிசல்காரர் ஒருவர் மூங்கிலை நீட்டிக் கரையேற்றினார். அவருக்கு நன்றி சொன்னதாக எனக்கு நினைவில்லை. அடுத்த வாரமே மறுபடியும் குதித்தோம்.

சென்ற ஆண்டு சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்தில் அலைச்சறுக்கு கற்கப் போனேன். சொல்லிக் கொடுத்தவர் மீனவக் குடும்பத்து இளைஞர். என்னைவிடப் பத்து வயதாவது சிறியவர். பலகையில் குப்புறப் படுத்துக் கைகளால் தண்ணீரைத் தள்ளவும், அலை தூக்கும் நொடியில் எழுந்து நிற்கவும் பொறுமையாகப் பழக்கினார். 2023 ஆகஸ்ட்டில் மாமல்லபுரத்தில் உலக சர்ஃப் லீக் போட்டி நடந்ததையும், வெளிநாட்டு வீரர்களோடு நம் கரைப் பிள்ளைகள் அலையேறியதையும் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது. ஆனால் சுற்றுலா வருகிறவர்களைப் பற்றிக் கேட்டபோது குரல் தாழ்ந்தது. “எங்கள் உடம்பைப் படம் எடுக்கிறார்கள் அண்ணா, பெயரைக் கேட்பதில்லை” என்றார். கொடிவேரியில் படம் எடுக்கப்படுவதற்காகவே குதித்தவன் நான். அந்தச் சொல் உறைத்தது.

மூன்றாம் நாள் அவர் யாரையும் கடலில் இறங்க விடவில்லை. இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் ஓர் இடம் மட்டும் அமைதியாகக் கிடந்தது. கரைக்கு வந்த தண்ணீர் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்பி ஓடுகிறது என்று விளக்கினார். எனக்கு அதுதான் இறங்க ஏற்ற இடமாகத் தெரிந்திருந்தது. பணம் கட்டியிருந்த ஒருவர், “கடலிலேயே பிறந்தவர் நீங்கள். உங்களுக்கே பயமா?” என்று சிரித்தார்.

“ஆமாம் அண்ணா, பயம்தான்” என்று சொல்லிவிட்டு, பலகைகளை ஒவ்வொன்றாகக் கரைமேல் ஏற்றினார். அன்றைய கட்டணத்தையும் திருப்பிக் கொடுத்தார். இவ்வளவு நிமிர்ந்து நின்று ஓர் ஆண் இந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

இந்த ஆடிப்பெருக்கன்று அக்கா மகனோடு கொடிவேரிக்குப் போயிருந்தேன். பையன்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள், கைபேசிகள் உயர்ந்திருந்தன. அவன் சட்டையைக் கழற்றிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். “வேண்டாம் கண்ணு, மாமாவுக்குப் பயமாக இருக்கிறது” என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. சட்டையைத் தோளில் போட்டபடி வெகுநேரம் அங்கேயே நின்றான்.